ஆற்றோடு போனவர்கள்

காவிரிப் பாலத்தை எத்தனை தடவை கடந்திருப்பேன் என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வீடு ஸ்ரீரங்கத்தில், வேலை திருச்சியில். போக ஒன்று, வர ஒன்று, முப்பது வருஷம். விடுமுறையெல்லாம் கழித்தாலும் பதினேழாயிரத்துக்குக் குறையாது. அத்தனையும் குறுக்கே. ஆற்றின் நீளவாட்டில் நான் போனது ஒரே ஒரு தடவை. அதுவும் ஓய்வு பெற்ற பிறகு, ஒரு தை மாதக் காலையில்.

கிளப்பிவிட்டது எதிர்வீட்டுப் பையன். கோழிக்கோட்டில் வேலை பார்க்கிறான். அங்கே சாலியாற்றில் நிலம்பூரிலிருந்து பேப்பூர் வரை 68 கிலோமீட்டர், மூன்று நாள், முன்பின் தெரியாதவர்கள் கூட்டமாகக் கயாக்கில் துடுப்புப் போட்டுப் போகிறார்கள். வழியில் மிதக்கிற பிளாஸ்டிக்கையும் பொறுக்கிக்கொள்கிறார்கள். அதில் கலந்துகொண்டு வந்தவன் கேட்டான்: "நம்ம காவிரியில ஏன் மாமா இப்படி ஒண்ணும் இல்லை?"

தண்ணீர் இல்லை என்றேன். அது பாதிப் பதில். மேட்டூரை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் அடைப்பது வழக்கம். அதுவும் வானம் ஒத்துழைத்தால். வெள்ளம் வந்தால் இறங்காதே என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போகிறார்கள். இறங்கலாம் என்கிற மாசத்தில் மணல்தான் கிடக்கிறது. மணல் அள்ளிய பள்ளம் வேறு, காலை வைத்தால் ஆளை விழுங்கும். முதலையும் உண்டு, சிரிக்காதீர்கள்.

மீதிப் பாதிப் பதில் நம் பேச்சில் இருக்கிறது என்று அப்புறம் தோன்றியது. பெண்ணுக்குக் கல்யாணம் ஆனால் கரை சேர்த்தாச்சு என்கிறோம். கடன் அடைந்தால் கரையேறிவிட்டான். ஒரு கலையில் தேர்ந்தவர் கரை கண்டவர். கஷ்டம் வந்தவனிடம் கடந்து போ என்கிறோம். ஆறு என்றாலே அக்கரைதான் நமக்குக் கண்ணில் படுகிறது. வீணாய்ப் போன பணத்துக்கு என்ன சொல்கிறோம்? 'ஆத்தோட போச்சு.' ஆற்றோடு போவது என்றால் தொலைவது. ஸ்ரீரங்கம் கோயிலில், தாயார் சந்நிதிக்கு எதிரே உள்ள மண்டபத்தில்தான் கம்பர் ராமாயணத்தை அரங்கேற்றினார் என்பார்கள். அந்தக் கதையில் வரும் குகனும் கங்கையைக் குறுக்கே கடத்திவிடுகிறவன்தான்.

அந்தக் கோயில் உற்சவர் நம்பெருமாளே பங்குனியில் காவிரியைக் கடந்து உறையூருக்குப் போகிறார், கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி காண. திரும்பி வந்ததும் தாயார் கதவைச் சாத்திக்கொள்வதும், சமாதானம் ஆவதும் ஊருக்கே திருவிழா. ஆனால் உள்ளே மூலவர் மேற்கே தலை, கிழக்கே திருவடி என்று சயனித்திருக்கிறார். காவிரி ஓடுகிற திசையும் அதுவே. உற்சவர் ஆற்றைக் கடக்கிறார், மூலவர் ஆற்றோடு கிடக்கிறார். இதற்கு ஆகமத்தில் வேறு காரணம் இருக்கும். எனக்கு இப்படிப் பார்க்கப் பிடித்திருக்கிறது.

நாம் ஆற்றோடு அனுப்புகிறவையும் இருக்கின்றன. ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபப் படித்துறையில் புதுமணத் தம்பதிகள் பத்திரமாக வைத்திருந்த கல்யாண மாலையைக் கொண்டுவந்து விடுவார்கள். முளைப்பாரி, காதோலை, கருகமணி. பிறகு எல்லா நாளும் அஸ்திக் கலயம். ரொம்பப் பிரியமானதும் ரொம்ப முடிந்துபோனதும் போகும், நாம் மட்டும் படியில் நிற்போம்.

கயாக்குக்கு எங்கே போவது? கம்பரசம்பேட்டைப் பக்கம் மீன் பிடிக்கிற அண்ணன் ஒருவரைப் பையன் பிடித்து வந்தான். இரண்டு பரிசல், தெருக்காரர்கள் ஆறு பேர். மூங்கில் பிளாச்சில் முடைந்த வட்டக்கூடை, அடியில் பிளாஸ்டிக் சாக்குத் தைத்துத் தார் பூசியது. முன்பெல்லாம் தோல் கட்டுவார்களாம். தடுப்பணைக்குக் கீழே தென்கரையில் செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு ஏறினோம். பரிசலுக்குள் செருப்புக் காலோடு யாரும் ஏறுவதில்லை.

ஏறின உடனே சுற்ற ஆரம்பித்தது. மலைக்கோட்டை வந்தது, வாழைத்தோப்பு வந்தது, ராஜகோபுரம் வந்தது, மறுபடி மலைக்கோட்டை. எனக்கு லேசாகக் குமட்டியது.

"இதுக்கு முன்பக்கம் எதுண்ணே?"

"நான் எந்தப் பக்கம் உக்காந்திருக்கேனோ அதான் சார் முன்பக்கம். எந்திரிக்காதீங்க."

பின்னாலிருந்து தள்ளுகிற படகு இல்லை இது. முன்னே உட்கார்ந்து தண்ணீரைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். அவர் நாலு தடவை இழுத்தார், சுற்றுவது நின்றது. அப்புறம் துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு பீடி பற்ற வைத்தார், மறுபடி சுற்றியது. தேவைப்பட்ட இடத்தில் மட்டும் இழுப்பார். அது எந்த இடம் என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. பார்வைக்கு எல்லாத் தண்ணீரும் ஒன்றுபோல் இருந்தது.

புறநானூற்றில் 192ஆம் பாட்டு, கணியன் பூங்குன்றனாருடையது. அதன் முதல் வரியை வளைவில் எழுதாத ஊர் இல்லை. அந்தப் பாட்டின் நடுவில் ஒரு புணை மிதந்து போவதை யாரும் கண்டுகொள்வதில்லை. பெருமழை பெய்து, பாறையில் மோதி இரைகிற பேராற்றில் நீர் போகிற வழியே போகும் புணை. உயிரும் அப்படி முறை வழியே போகும் என்கிறார். இதைப் படித்தபோதெல்லாம் எனக்கு ஒரு மனத்தாங்கல்: விதியே என்று கிடக்கச் சொல்கிறாரா? ஆனால் அவர் கிடக்கச் சொல்லவில்லை. ஆகவே பெரியவரைக் கண்டு வியக்கவும் மாட்டோம், சிறியவரை இகழ்தல் அதனினும் மாட்டோம் என்று வேறெங்கோ போய் முடிக்கிறார். புணைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பது பரிசலில் உட்கார்ந்தபோது கொஞ்சம் புரிந்தது. எங்களோடு வந்தவர்களில் ஒருவர் பெரிய உத்தியோகத்திலிருந்து இறங்கியவர். தெருவில் அவரைக் கண்டால் நான் வண்டியை விட்டு இறங்கிப் பேசுவேன். அவரும் என்னைப்போலவே முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஈர வேட்டியோடு, எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தார். அங்கே ஒரே அதிகாரி பீடி குடித்துக்கொண்டிருந்தவர்.

ஆற்றின் போக்கில் போனோம் என்று பெருமையாகச் சொல்வதிலும் சிக்கல் இருக்கிறது. எந்தப் போக்கு? இதே ஆறு முக்கொம்பில் இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடம் தாழ்வு, அதனால் தண்ணீருக்கு அந்தப் பக்கம்தான் ஆசை. காவிரி மேடேறித் தூர்ந்துகொண்டே வந்தது. 1836இல் ஆர்தர் காட்டன் தொடங்கிய மேலணை குறுக்கே நின்றிராவிட்டால் நாங்கள் மிதந்த தண்ணீரில் பெரும்பங்கு வடக்கே போயிருக்கும். 2018 ஆகஸ்ட் 22 இரவு அந்த அணையின் 45 மதகுகளில் 9 உடைந்தபோது தண்ணீர் தன் பழைய ஆசைக்குத் திரும்பியது. ஆக நாங்கள் விட்டுக்கொடுத்து மிதந்தது இயற்கைக்கு அல்ல, பொதுப்பணித் துறைக்கு. இயல்பாக வந்தது என்று என் வாழ்க்கையில் நான் நினைத்துக்கொண்டிருக்கும் பல காரியங்களிலும் யாரோ ஒருவர் கட்டிய அணை இருக்கிறது. அப்பா போட்ட விண்ணப்பத்தில் கிடைத்த வேலை, அத்தை பேசி முடித்த கல்யாணம். தண்ணீருக்கு அது தெரியாது, மிதக்கிறவனுக்கும் உடனே தெரிவதில்லை.

ஹெரோடோட்டஸ் பாபிலோனைப் பற்றி எழுதுகையில் நம் பரிசல்போல் வட்டமான தோல் படகுகளைச் சொல்கிறார். ஆர்மீனியாவில் கட்டி, சரக்கு ஏற்றி, ஆற்றோடு வருவார்கள். ஒவ்வொரு படகிலும் உயிரோடு ஒரு கழுதை. பாபிலோனில் சரக்கை விற்று, மரச்சட்டத்தையும் விற்றுவிட்டு, தோலை மட்டும் கழுதை மேல் போட்டுக்கொண்டு நடந்தே ஊர் திரும்புவார்கள், ஏனென்றால் அந்த ஓட்டத்தில் எதிரே போக முடியாது. புறப்படும்போதே திரும்புவதற்குக் கழுதையை ஏற்றிக்கொண்ட அந்த ஆட்களை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

நாங்கள் அப்படி யோசிக்கவில்லை. அம்மா மண்டபத்தில் தர்ப்பணம் கொடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவே போய் முட்டினோம். சாஸ்திரிகள் ஒருவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மந்திரத்தைத் தொடர்ந்தார். பரிசல்கார அண்ணன் கணக்கை வாங்கி இடுப்பில் செருகினார், பரிசலைக் கவிழ்த்துத் தலையில் ஏற்றினார், கரையோரமாக மேற்கே நடக்கத் தொடங்கினார். பின்னாலேயே இன்னொரு பரிசலும். கறுப்புக் குடை இரண்டுக்குக் கால் முளைத்த மாதிரி இருந்தது.

படித்துறைக் கல் அதற்குள் சுட ஆரம்பித்திருந்தது. காலைக் காலை மாற்றி வைத்தபோதுதான் செருப்பு நினைவு வந்தது. ஆறு ஜோடியும் கம்பரசம்பேட்டையில்.

வெறுங்காலோடு ஓடி வந்து ஆட்டோவில் ஏறிய எங்களைப் பார்த்து, ஓட்டுநர் வண்டியை வடக்கே திருப்பினார்.

"கோயிலுக்குத்தானே சார்?"

"இல்லப்பா, பாலம் ஏறு."