பிரிக்கும்படி கட்டுவது

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கட்டிய வீடுகளின் மாடிப்படிச் சுவரிலும் குளியலறையிலும் சதுரக் கண்ணாடிக் கற்கள் பதித்திருப்பார்கள். வெளிச்சம் உள்ளே வரவேண்டும், உள்ளே இருப்பவர் வெளியே தெரியக் கூடாது. இந்த இரண்டு வேலையையும் ஒரே கல் பார்த்துக்கொள்ளும். அந்த வீடுகள் இப்போது ஒவ்வொன்றாக இடிபட்டு, அடுக்குமாடிகள் எழும்புகின்றன. இடிக்கும் நாளில் தேக்கு நிலைக்கும் கதவுக்கும் விலை பேச ஆள் வந்துவிடுகிறார். கம்பி எடைக்குப் போகிறது. முழுசாகத் தேறிய செங்கல்லை ஓரமாக அடுக்கி வைக்கிறார்கள். கண்ணாடிக் கல் மட்டும் ஓரமெல்லாம் சிமெண்ட் ஒட்டியபடி ரப்பீஷ் லாரியில் ஏறுகிறது. காயலான் கடைக்காரருக்கும் அது வேண்டாம். பாட்டிலை உருக்கி மறுபடி பாட்டிலாக்கலாம். காரை ஒட்டிய கண்ணாடியை உலைக்காரர் சேர்ப்பதில்லை. உருகாத சிறு துணுக்கு ஒன்று உள்ளே போனாலும் புதுக் கண்ணாடி அந்த இடத்தில் பலவீனப்பட்டுவிடும்.

லாரியில் ஏறுவதற்குமுன் ஒரு கல்லைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். வழக்கமான அளவு 19 செ.மீ. சதுரம், 8 செ.மீ. தடிமன். எடை சுமார் 2.5 கிலோ. அச்சில் அழுத்தி எடுத்த இரண்டு பாதிகளை, விளிம்பு இளகியிருக்கும்போதே ஒன்றோடொன்று சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள். உள்ளே அகப்பட்ட சூடான காற்று ஆறிய பிறகு அழுத்தம் குறைந்து அப்படியே நிற்கிறது. அலை அலையான வரிகள் பெரும்பாலும் உள்பக்கத்தில்தான் இருக்கும், வெளிமுகம் வழவழப்பு. அதனால் அந்த வரிகளில் தூசி படிய வழியே இல்லை. முப்பது வருட அழுக்கை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் போதும், கல் புதிதாக நிற்கிறது. மணலும் சோடா சாம்பலும் சுண்ணாம்புக் கல்லும் சுமார் 1500 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருகிப் பிறந்த பொருள் இது. மழைக்கும் வெயிலுக்கும் அது களைத்துப் போகவில்லை. வீட்டின் வரைபடம் மாறியது, நம் விருப்பம் மாறியது, கல்லின் ஆயுள் முடிந்ததாகத் தீர்ப்பாகிவிட்டது.

தோட்டத்தில் கண்ணாடிக் கல்லா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. சுவிட்சர்லாந்துக் கட்டடக் கலைஞர் குஸ்தாவ் ஃபால்கோனியே 1880களில் வாயால் ஊதிச் செய்த கண்ணாடிச் செங்கற்களை உருவாக்கினார். குளிர்நாட்டில் செடி வளர்க்கும் கண்ணாடி வீடுகளுக்கு அவை பயன்பட்டன. கண்ணாடிக் கல்லுக்குத் தோட்டம் புதிதல்ல. இன்று இடிபாட்டிலிருந்து அதைத் தோட்டத்துக்குக் கொண்டுவருவது, கட்டிக்கொடுத்த பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது மாதிரிதான்.

கீரைப் பாத்திக்கு வரப்பாகக் கண்ணாடிக் கற்களை வரிசையாக நட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், காலை எட்டு மணிக்குள் அங்கே என்ன நடக்கிறதென்று. சாய்வாக வரும் வெயில் கல்லுக்குள் நுழைந்து, உள்வரிகளில் முறிந்து, மறுபக்க ஈரமண்ணில் நெளிநெளியான வெளிச்சமாக விழும். சிறுகீரை நாற்று அந்த வெளிச்சத்துக்குள் நிற்கும். வெயில் ஏற ஏற அந்த நெளிவு கல்லின் அடிக்குச் சுருங்கி மறையும். மாடிப்படிச் சுவரில் இருந்தபோதும் இதே வெளிச்சம்தான் விழுந்திருக்கும். ஆளை மறைக்கும் பொறுப்பு இருந்ததால் யாரும் அதைப் பார்க்கவில்லை. தோட்டத்தில் மறைக்க ஒன்றுமில்லை. வெளிச்சத்தை வாங்கிக் கொடுக்கும் வேலை மட்டும் மிஞ்சுகிறது.

துளசி மாடத்தருகே மூன்று கற்களை ப வடிவில் நிறுத்தினால் அகல் விளக்குக்குக் காற்றுத் தடுப்பாயிற்று. சுடர் அணையாது, வெளிச்சமும் மறையாது. விளக்கைக் கல்லிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் கண்ணாடி விரிசல் விடும். நடைபாதையில் கண்ணாடிக் கல் வேண்டவே வேண்டாம். நனைந்தால் வழுக்கும், நடுவில் மிதித்தால் உள்ளீடற்ற கல் உடையவும் கூடும். விளக்குச் சரம் நுழைக்கத் துளையிட்ட கற்கள் சில இடங்களில் கிடைக்கின்றன. துளை மேலே பார்த்தபடி வைத்தால் மழைநீர் தேங்கிக் கொசு வளரும். கீழ்ப்பக்கமாகக் கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும்.

தோட்டத்தின் இயல்பு எல்லாவற்றையும் மண்ணாக்குவது. வாழைமட்டை, சாணம், காய்ந்த இலை, மூங்கில் படல், வேலி மரம் எதுவும் அதற்குத் தப்பாது. கண்ணாடி மட்டும் மக்காது, கரையான் தின்னாது. நாம் போன பிறகும் அது இருக்கும். இப்படி ஒரு பொருளை உண்டாக்கியவர்கள் அதற்கு இடம் தேடிக் கொடுக்கவும் கடமைப்பட்டவர்கள் என்றே நினைக்கிறேன்.

இடம் தேடிக் கொடுத்தவர்களில் நேக் சந்தை முதலில் சொல்ல வேண்டும். சண்டிகர் என்ற புது நகரம் எழுவதற்காகக் கிராமங்கள் இடிக்கப்பட்டன. பொதுப்பணித்துறையில் சாலை ஆய்வாளராக இருந்த அவர், அந்த இடிபாடுகளிலிருந்து கல்லும் ஓடும் பீங்கானும் உடைந்த வளையலும் பொறுக்கி, கட்டடம் எழுப்பத் தடைசெய்யப்பட்ட காட்டு நிலத்தில் ரகசியமாகச் சிலைகள் செய்தார். 1950களின் பிற்பகுதியில் தொடங்கிய வேலை எழுபதுகளில்தான் அதிகாரிகள் கண்ணில் பட்டது. இடித்துத் தள்ளியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், 1976இல் ராக் கார்டன் என்று பொதுமக்களுக்குத் திறந்தார்கள். அங்கே வரிசையாக நிற்கும் பெண் உருவங்களின் உடையெல்லாம் உடைந்த கண்ணாடி வளையல்கள். ஊரை இழந்தவர்களின் வளையல்களும் அதில் இருக்குமோ என்ற நினைப்பு அந்தச் சிலைகளின் முன்னே வராமல் இருக்காது.

திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இதையே வீட்டுக்குள் செய்தார். நாலாஞ்சிறைக் குன்றில் தமக்காகக் கட்டிய வீட்டில் பழைய மரச்சாமான்களையும் வேண்டாமென்று விட்ட பொருள்களையும் சேர்த்தார். வண்ண பாட்டில்களைச் சுவரில் பதித்தார். செங்கல் சுவரில் பச்சையும் பழுப்புமாக வெளிச்சப் பொட்டுகள் விழுந்தன. ஏழைக்கும் அழகான வீடு வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அந்த அழகின் பெரும்பங்கு, பிறர் எறிந்த பொருளில் ஏற்கெனவே இருந்தது.

இவர்கள் இருவரையும் நினைக்கும்போது, தேடுகிற கண் இருந்தால் எல்லாம் கிடைத்துவிடும் என்றுதான் தோன்றும். நானும் வெகுகாலம் அப்படித்தான் எண்ணியிருந்தேன். இடிபாட்டு இடத்தில் ஒரு மேஸ்திரி சொன்னதைக் கேட்டபிறகு வேறு பக்கம் யோசிக்கத் தொடங்கினேன்.

"இந்தக் கல்லை முழுசா எடுக்க முடியுமா மேஸ்திரி?"

"எங்க சார் முடியும்? சிமெண்ட்ல பூட்டியிருக்கு. பத்து எடுத்தா நாலு தேறும். அந்தப் பக்கம் பாருங்க, பழைய சுவரு, சுண்ணாம்புக் காரை. தட்டினா செங்கல்லு தானா கழண்டு வரும்."

அவர் காட்டிய சுவரில் ஒரு சித்தாள் பெண் செங்கல்லை ஒவ்வொன்றாகத் தட்டிக் காரையை உதிர்த்து அடுக்கிக்கொண்டிருந்தார். சுண்ணாம்புக் காரை செங்கல்லைவிட மிருதுவானது. சுவரைப் பிரிக்கும்போது முதலில் விட்டுக்கொடுப்பது காரை; கல் பிழைத்துக்கொள்கிறது. சிமெண்ட் கலவை விட்டுக்கொடுக்காது. இழுத்தால் கல்தான் உடையும்.

ஓட்டு வீட்டின் கூரையை நினைத்துப் பாருங்கள். சட்டத்தில் ஓட்டைக் கொக்கிபோல் மாட்டியிருப்பார்கள். ஒன்று உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம், வேண்டாமென்றால் மொத்தமும் இறக்கி இன்னொரு வீட்டுக்கு ஏற்றலாம். செட்டிநாட்டு வீடுகளின் தூணும் நிலையும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்கு முழு உருவத்தோடு வந்து சேர்வதற்குக் காரணம் தேக்கின் உறுதி மட்டும் இல்லை. அவை கழற்றக்கூடிய விதத்தில் பொருத்தப்பட்டிருந்தன. நம் முன்னோர் சிக்கனக்காரர்கள் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அந்தச் சிக்கனம் சேர்க்கிற இடத்திலேயே வேலை செய்தது. ஒரு பொருள் குப்பையாவதா இன்னொரு வாழ்வுக்குப் போவதா என்பது இடிக்கிற நாளில் தீர்மானமாவதில்லை. கட்டுகிற நாளில், கொத்தனார் கரண்டியில் என்ன குழைத்து எடுக்கிறார் என்பதில் தீர்மானமாகிவிடுகிறது. பிரிக்க முடியாதபடி ஒட்டியதைத்தான் பிறகு உடைத்து எறிகிறோம்.

அதனால் தோட்டத்துக்கு வந்த கண்ணாடிக் கல்லை மறுபடியும் சிமெண்டில் பூட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. ஓரத்தில் மிச்சமிருக்கும் பழைய காரையைக் கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு மெதுவாக உளியால் தட்டி, வினிகர் கலந்த தண்ணீரில் ஊறப்போட்டால் மிஞ்சிய சிமெண்ட் படலம் இளகிவிடும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, உள்ளே நீர்க்கோத்த கறை இருந்தால் ஒட்டு விட்டுப்போன கல் என்று தனியே வைக்க வேண்டும். பாத்திக்கு நூல் கட்டி முக்கால் சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, அடியில் நாலு விரல் கனத்துக்கு ஆற்றுமணல் பரப்பி, ரசமட்டம் வைத்து, கல்லில் பாதி மண்ணுக்குள் போகும்படி இறக்கி, இரு பக்கமும் மண்ணை இறுக்கினால் போதும். ஒரே வரிசையான வரப்புக்கு அதற்குமேல் பிடிப்பு எதற்கு? முழங்கால் உயரத்துக்குச் சிறு தடுப்பு வேண்டுமென்றால் சுண்ணாம்புக் காரை வைக்கலாம். அதன்மேல் பாரம் ஏற்றக் கூடாது.

அடுத்து அந்த வீட்டுக்குக் குடிவருபவருக்குக் கீரையில் நாட்டம் இல்லாமல் போகலாம். கார் நிறுத்த இடம் தேவைப்படலாம். அரை நாளில் அத்தனை கல்லையும் முழுசாகத் தோண்டி எடுத்துக் கழுவி, கேட்டு வருபவருக்குக் கொடுத்துவிடலாம்.