போதும் என்கிற இடம்

காரை மாற்றிக் கட்டத் தொடங்குகிறவருக்கு, வேலை முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொள்கிற நாள் வருவதில்லை. முதலில் ஏர் ஃபில்டர். பிறகு சைலன்சர். இன்ஜின் நன்றாக மூச்சு விடத் தொடங்கியதும், எப்போது எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்று கணக்குப் போடுகிற கணினியைத் திருத்த வேண்டும். சக்தி கூடினால் கிளட்ச் பிளேட் வழுக்கும். அதை மாற்றினால் கியர்பாக்ஸ் முனகும். வேகம் கூடினால் பழைய பிரேக் பத்தாது. பெரிய பிரேக் மாட்டினால் அது பழைய வீலுக்குள் அடங்காது. வீல் மாறினால் டயர், டயர் மாறினால் ஷாக் அப்சார்பர். ஒவ்வொரு பாகமும் பக்கத்துப் பாகத்தின் பலவீனத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கோவையில் ஒரு பழைய ஹோண்டா சிட்டி வீடெக்கை வைத்துக்கொண்டு, என்னைப் போலவே வண்டிப் பித்துப் பிடித்தவர்களோடு பல வருஷங்களாகப் பழகுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடினால் எங்கள் பேச்சு சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வரும்: அடுத்து என்ன போடலாம்? அதைக் கேட்டுக் கேட்டு எனக்குள் இன்னொரு கேள்வி முளைத்தது. எது போதும்? பணத்தையும் பதவியையும் முன்னால் வைத்து இதைக் கேட்டவர்கள் நிறையப் பேர். எனக்கு இது பட்டறையில், கையெல்லாம் கிரீஸாக நின்றபோது வந்தது.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2000-ஆம் ஆண்டில் இந்த 1.5 லிட்டர் வீடெக் நம் சந்தைக்கு வந்தபோது அதன் 106 குதிரைத்திறன் பெரிய விஷயம். நான்கு கதவு, பின்னால் டிக்கி, பார்ப்பதற்குச் சாதாரணக் குடும்பக் கார். ஆனால் ரேலிக்காரர்கள் உடனே அதைத் தேடிப் போனார்கள். காரணம் அந்த இன்ஜின். கேம் ஷாஃப்டில் மென்மையான ஓட்டத்துக்கு ஒரு வடிவம், வேகத்துக்கு இன்னொரு வடிவம் என இரண்டு இருக்கும். சுழற்சி குறைவாக இருக்கும்வரை வால்வுகள் முதல் வடிவத்தின்படி கொஞ்சமாகத் திறக்கும். ஆர்.பி.எம். முள் மேலே ஏறியதும் ஆயில் அழுத்தத்தில் ஒரு சின்ன ஊசி நகர்ந்து ராக்கர் ஆர்ம்களை ஒன்றாகப் பூட்டும். அந்த நொடியிலிருந்து வால்வுகள் அகலமாகத் திறக்கும். சத்தம் மாறுவது காதுக்குத் தெரியும், சீட்டிலும் தெரியும். டவுனுக்குள் காய்கறி வாங்கப் போகிற வண்டியும், மலையடிவாரத்தில் விசில் அடிக்கிற வண்டியும் ஒரே பானெட்டுக்குள் இருக்கின்றன. இன்றைக்கு ஒரு லிட்டர் டர்போ இன்ஜின் போட்ட சாதாரண ஹேட்ச்பேக் இதைவிடச் சக்தியோடு வருகிறது. அதனால் என் வண்டியின் மேல் எனக்குப் பிரியம் குறையவில்லை. எண்களை வைத்துப் பார்த்தால் போதும் என்கிற இடம் ஒவ்வொரு வருஷமும் நகர்ந்துகொண்டே போகும் என்பதை மட்டும் கற்றுக்கொண்டேன்.

இந்த ஊரில் இந்தப் பித்து வேர் விட்டது தற்செயல் இல்லை. பம்ப்செட்டும் மில் இயந்திரமும் செய்து பழகிய ஊர் இது. தெருவுக்குத் தெரு லேத் பட்டறை. அதற்கு நடுவில் எஸ். கரிவரதன் என்று ஒருவர் இருந்தார். லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவர். பந்தயத்தில் ஓட்டினார், பந்தயக் கார்களை வடிவமைத்தார். அவர் உருவாக்கிய ஃபார்முலா மாருதியைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது. ஒற்றையாள் பந்தயக் கார் என்றால் வெளிநாட்டு இன்ஜின், வெளிநாட்டு விலை என்று இருந்த காலத்தில், மாருதி 800-இன் மூன்று சிலிண்டர் 796 சி.சி. இன்ஜினை எடுத்து ஒரு பந்தயக் காருக்குள் வைத்தார். சாலையில் ஓடும்போது 40 குதிரைத்திறனைக்கூடத் தொடாத இன்ஜின் அது. கிடைக்கிற பாகம், பழுது பார்க்கத் தெரிந்த ஆட்கள், இளைஞர்களுக்குக் கட்டுப்படியாகிற செலவு. எல்லாரிடமும் ஏறக்குறைய ஒரே வண்டி இருந்தால் ஜெயிக்க வைப்பது ஓட்டுகிற கைதான். அந்தக் கார்களில் பழகியவர்களில் ஒருவர்தான் நம் ஊர் நரேன் கார்த்திகேயன். 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் அவர். கரிவரதன் அதைப் பார்க்கவில்லை; 1995-இல் விமான விபத்தில் இறந்துவிட்டார். 2003-இல் செட்டிபாளையத்தில் திறந்த பந்தயத் தடத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள்.

குறைந்த சக்தியை வைத்துக்கொண்டு நிறையக் கற்கலாம் என்பதை அவர் அப்போதே செய்து காட்டிவிட்டார். நாங்கள் அதை ஒவ்வொருவராக மறுபடி கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் கூட்டத்துக்குப் பெயர்ப்பலகையோ சந்தாவோ கிடையாது. ஃபியட் பேலியோ 1.6 வைத்திருக்கிற பல் மருத்துவர் ஒருவர், போலோ டர்போவோடு வருகிற ஐ.டி. பையன்கள், அப்பாவின் எஸ்டீமை விற்க மனமில்லாமல் ஓட்டுகிற ஜவுளிக்கடைக்காரர், இப்படிப் பலதரப்பட்ட ஆட்கள். முதலில் பேசுவது வண்டி, பிறகு இட்லி, பிறகு மறுபடி வண்டி. இந்தக் கூட்டம் ஆசையைக் கிளப்பும் என்பதை மறைக்க முடியாது. ஒருவர் புதிதாக ஒரு ஷாக் செட் போட்டுக்கொண்டு வந்து, "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க" என்று சாவியை நீட்டினால், அன்று ராத்திரி தூக்கம் வராது. விலையைத் தேடத் தொடங்கிவிடுவோம்.

ஆசைக்குக் கடிவாளம் போடுகிற ஆட்களும் இதே கூட்டத்தில்தான் இருக்கிறார்கள். சிங்காநல்லூர் பக்கம் நாங்கள் போகிற பட்டறையில் ஒரு மூத்த மெக்கானிக். எங்கள் எல்லாருக்கும் அண்ணன். டர்போவைத் திருத்திப் பெரிய சக்தி எடுக்க வேண்டும் என்று போலோ வைத்திருக்கிற தம்பி ஒருவர் ஆவலாகப் போய் நின்றார். அண்ணன் கேட்டது ஒரே கேள்வி.

"எந்த ரோட்டுக்குங்க தம்பி?"

பையன் பதிலைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவர் பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பியின் மூடியைக் கழற்றினார். "இத எப்ப மாத்துனீங்க?" வாங்கியதிலிருந்து மாற்றவில்லை. சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி ஒரு கண்ணாடிக் குப்பியில் விட்டார். பக்கத்தில் புதிய ஆயிலை இன்னொரு குப்பியில் ஊற்றினார். புதியது லேசான மஞ்சள், ஊடே பார்த்தால் அந்தப் பக்கம் தெரிகிறது. பழையது இரண்டாம் டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புதிய டாட் 4 ஆயில் கொதிக்க 230 டிகிரி செல்சியஸாவது வேண்டும். தண்ணீர் சேரச் சேர அந்த வரம்பு வெகுவாக இறங்கிவிடும். மலை இறக்கத்தில் விடாமல் பிரேக் மிதித்தால் ஆயில் கொதித்து ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவத்தை அழுத்தினால் அது சுருங்காமல் விசையை வீலுக்குக் கொண்டுபோகும். ஆவி சுருங்கிவிடும். மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது. சில நூறு ரூபாய் ஆயில் இது. அதைக் கவனிக்காமல் லட்ச ரூபாய் சக்தி எதற்கு என்று அண்ணன் சொல்லவில்லை. இரண்டு குப்பிகளையும் பையனின் கையில் கொடுத்தார். அந்தத் தம்பி அன்று ஆயிலையும் பிரேக் பேடையும் மாற்றிக்கொண்டு போனார். இன்றுவரை இன்ஜினில் கை வைக்கவில்லை.

"எந்த ரோட்டுக்கு?" என்ற கேள்வியை நான் என் வாழ்க்கையில் பல இடங்களுக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். வீடு கட்டும்போது கேட்டேன். வேலை மாறும்போது கேட்டேன். எதற்காக என்று தெரிந்துவிட்டால் எவ்வளவு என்பது ஓரளவு தானாகவே தெரிந்துவிடுகிறது. எதற்காக என்று தெரியாமல் எவ்வளவு என்று கேட்டால் அதற்கு முடிவே கிடையாது.

என் வண்டியின் ரோடு எது? வருஷத்தில் எப்போதாவது கிடைக்கிற செட்டிபாளையம் தடம். அதன் நீளம் 2.1 கி.மீ. எதிரே வண்டி வராது, ஆடுமாடு குறுக்கே வராது, தலையில் ஹெல்மெட், ஓரத்தில் கொடியோடு ஆட்கள். அங்கே முதன்முதலில் போகிறவர்கள் நேர்ப்பாதையில் எவ்வளவு வேகம் தொட்டோம் என்று பேசுவார்கள். நாள்பட்டவர்கள் வளைவைப் பற்றிப் பேசுவார்கள். வளைவுக்கு முன் பிரேக்கை அழுத்தும்போது வண்டியின் எடை முன் டயர்கள் மேல் வந்து உட்காரும். அந்தக் கனத்தை நம்பித்தான் ஸ்டியரிங்கைத் திருப்புகிறோம். பிரேக்கைச் சட்டென்று விட்டால் முன்பக்கம் லேசாகி, வண்டி திரும்ப மறுத்து நேராக இழுக்கும். வளைவின் நடுவில் பயந்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் வெளியே நழுவப் பார்க்கும். காலின் ஒரு விரற்கடை அசைவுக்கு ஆயிரம் கிலோ உலோகம் பதில் சொல்கிறது. டயர் தன் பிடியின் விளிம்புக்கு வரும்போது முதலில் முனகும், பிறகு ஸ்டியரிங் கையில் கனம் இழக்கும். அந்த விளிம்பில் ஒரு வளைவு முழுக்கப் போய் வெளியே வரும்போது, வீட்டுக் கடனோ ஆபீஸ் பிரச்சினையோ மனதில் இருக்காது. அந்தச் சில நொடிகளுக்காகத்தான் இத்தனை செலவும். அதை வீண் செலவு என்று சொல்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. முழுக் கவனத்தோடு ஒரு காரியத்தைச் செய்கிற வாய்ப்பு மனிதனுக்கு எங்கே கிடைத்தாலும் அது பெரிய கொடை என்று நினைக்கிறேன்.

அந்தத் தடத்தில் எங்களில் வேகமாகச் சுற்றுகிறவர் பல் மருத்துவர். வண்டியில் அவர் மாற்றியிருப்பது டயர், பிரேக் பேட், பிரேக் ஆயில், அவ்வளவுதான். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஒரு சுற்று மெதுவாக ஓட்டி பிரேக்கை ஆறவிடுவார். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டு, வீலுக்குக் கல் வைப்பார். சூடான பேட் டிஸ்க்கிலோ, ஷூ டிரம்மிலோ அழுந்தி நிற்கக் கூடாது என்பதற்காக. பிறகு காற்றழுத்தம் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுவார். அவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஒரு சுற்று போவதைவிட நல்ல பாடம் எங்கள் ஊரில் கிடைக்காது.

மலைச் சாலை வேறு. ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறுகிற 40 கொண்டை ஊசி வளைவுகளும் வண்டிக்காரர்களை இழுக்கும், எங்களையும் இழுத்திருக்கின்றன. ஆனால் அந்த வளைவுகளில் வரையாடு நிற்கும், மேலே புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கும், அரசுப் பேருந்து முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டு திரும்பும். அங்கே விளிம்பைத் தேடக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. நடு ராத்திரியில் அவினாசி சாலையில் சைலன்சரை வெடிக்கவிட்டுப் போகிறவர்களையும் நான் எங்கள் கூட்டம் என்று ஏற்றுக்கொள்வதில்லை. வண்டியை ரசிக்கிறவர் ஊர் தூங்குவதைக் கெடுக்க மாட்டார்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. அந்த ஆண்டுத் திருத்தத்தில் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று வந்தது. கடுமைதான். ஆனால் கன்னாபின்னாவென்று வெல்டிங் வைத்த வண்டிகளைப் பார்த்தவன் என்ற முறையில் அதன் காரணம் எனக்குப் புரிகிறது. ஜெர்மனியில் மாற்றிய பாகத்தைத் தகுதியான பொறியாளர் சோதித்து, சரி என்றால் வண்டியின் ஆவணத்திலேயே பதிகிற வழி இருக்கிறது. அப்படி ஒரு வழி இங்கேயும் வர வேண்டும் என்று விரும்புகிறேன். அதுவரை இன்ஜினையும் சைலன்சரையும் கம்பெனி கொடுத்தபடியே வைத்திருக்கிறேன். 15 வருஷம் தாண்டிய வண்டி. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டிப் பதிவைப் புதுப்பிக்கும்போது மறைக்க எதுவும் இருப்பதில்லை.

இப்போதெல்லாம் எங்கள் பேச்சில் கூட்டுவதைவிடக் காப்பாற்றுவது அதிகமாகிவிட்டது. வீடெக்கின் பாகங்கள் கடையில் கிடைப்பது அரிது. சென்னை போகிறவர் யாராக இருந்தாலும் புதுப்பேட்டையில் ஒரு நடை தேடிவிட்டு வருவார். ஜவுளிக்கடைக்காரர் வீட்டுப் பரணில், அவர் வண்டிக்கே பொருந்தாத ஹோண்டா டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்று பழைய பேப்பர் சுற்றி வைத்திருந்தார். யாருக்காவது ஆகும் என்று வாங்கிவைத்ததாம். எனக்கு ஆனது. காசு வாங்கவில்லை. அவருடைய எஸ்டீமுக்கு ஹெட்லைட் தேடுகிற பொறுப்பு இப்போது என்னுடையது. உற்பத்தி நின்றுபோன ஒரு வண்டியை ஒருவர் தனியாக ஓட்டிக்கொண்டிருக்க முடியாது. அதற்குப் பின்னால் பத்துப் பேரின் பரண் வேண்டும்.

இந்த மாதம் என் வண்டிக்குச் செய்ய வேண்டிய வேலை, முன்பக்க லோயர் ஆர்ம்களின் ரப்பர் புஷ்களை மாற்றுவது. இருபது வருஷத்துக்கு மேலான ரப்பர், வெடித்துவிட்டது. வேகம் ஒரு கிலோமீட்டர்கூட அதனால் கூடப்போவதில்லை. முன்பக்கம் ஃபேக்டரியிலிருந்து வந்த நாளில் எப்படித் திரும்பியதோ அப்படித் திரும்பும் என்று அண்ணன் சொல்கிறார். பாலியூரித்தேன் புஷ் போட்டால் இன்னும் இறுக்கமாக இருக்குமே என்று ஒருமுறை கேட்டேன். அவர் என்ன கேட்பார் என்று எனக்கே தெரியும் என்பதால், பதிலுக்குக் காத்திருக்காமல் ரப்பருக்கே சொல்லிவிட்டு வந்தேன்.