படிவத்தில் ஒரு கட்டம்

சோதனை என்றதும் பொன்னும் பொருளும் புகழும் மயக்கி அழைக்கும் காட்சியே நம் கண்முன் எழுகிறது. தவக்கால மறையுரைகள் பலவும் நம்மை அப்படித்தான் பழக்கியிருக்கின்றன. ஆனால் பாலைநிலத்தில் ஆண்டவர் இயேசுவை அலகை முதலில் அணுகியது பசியின் வழியாக. அது காட்டியது விருந்தன்று, வெறும் அப்பம். பசித்தவர் அப்பம் உண்பதில் பாவம் ஏது? தேவையற்ற ஒன்று நம்மை ஈர்ப்பது எளிய சோதனை. நியாயமாகவே நமக்குரிய ஒன்று, பொய்யின் வாசல் வழியாக மட்டும் வா என்று நம்மை அழைப்பதே கொடிய சோதனை.

தமிழகக் கத்தோலிக்கருள் பெரும் பகுதியினருக்கு இச்சோதனை ஓர் அரசுப் படிவத்தின் வடிவில் வருகிறது. மதம் என்று அச்சிட்ட கட்டத்தில் என்ன எழுதுவது?

1950 ஆகஸ்டு 10 அன்று வெளியான குடியரசுத் தலைவரின் ஆணை, இந்து அல்லாதவரைத் தாழ்த்தப்பட்டோர் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் அக்கதவு திறந்தது. கிறிஸ்தவருக்கும் இசுலாமியருக்கும் திறக்கவில்லை. தமிழக அரசு தலித் கிறிஸ்தவரைப் பிற்படுத்தப்பட்டோராக ஏற்றது ஓரளவு ஆறுதல்தான். ஆயினும் தனித் தொகுதியில் போட்டியிடும் உரிமை அவர்களுக்கு இல்லை. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அவர்களுக்குக் காவல் நிற்பதில்லை. அடிப்பவன் திருமுழுக்குச் சான்றிதழைப் பார்த்து அடிப்பதில்லை. அடிபட்டவர் நீதி கேட்கும்போது மட்டும் அது பார்க்கப்படுகிறது.

சென்னையில் சாலையோரம் அமர்ந்து செருப்புத் தைத்துவந்த ஒரு தொழிலாளியின் வழக்கு நினைவுக்கு வருகிறது. அத்தொழிலாளருக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை வழங்கியபோது, கிறிஸ்தவர் என்பதால் அவருக்கு அது கிடைக்கவில்லை. அதே சாலை, அதே வெயில், அதே ஊசியும் நூலும். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 1985-இல் தள்ளுபடியானது. மதம் மாறிய பின்னும் சாதியின் கொடுமை அதே கடுமையுடன் புதிய சமூகத்திலும் தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றது நீதிமன்றம். இச்சொற்களுக்குச் சற்றுப் பின்னர்த் திரும்புவோம்.

இந்நிலையில் பல குடும்பங்கள் தேர்ந்துகொண்ட வழி நாம் அறியாததன்று. பங்குப் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளிப் பதிவேட்டில் வேறொரு பெயர். ஞாயிறன்று அந்தோணி, திங்களன்று வேறொருவன். இதைப் பெரிய குற்றமாகச் சொல்ல நா எழவில்லை. ஒன்றுமில்லை என்று ஒதுக்கவும் மனம் இடம் தரவில்லை. ஆசிரியர் கேட்டால் இப்பெயரைச் சொல், பங்குத்தந்தை கேட்டால் அப்பெயரைச் சொல் என்று தாய் கற்றுத்தரும்போது, குழந்தை இரண்டு பெயர்களை மட்டும் கற்பதில்லை. தன் திருமுழுக்கு மறைக்கத்தக்க ஒன்று என்பதையும் சேர்த்தே கற்கிறது. அலுவலகத்தில் சேர்ந்தபின் கழுத்துச் செபமாலையைச் சட்டைக்குள் தள்ளும் விரல்களுக்கு அப்பயிற்சி சிறுவயதிலேயே கிடைத்துவிடுகிறது.

திருச்சபை இதைப் போன்றதொரு சிக்கலை முன்பே சந்தித்திருக்கிறது. கி.பி. 250-ஐ ஒட்டி உரோமைப் பேரரசன் தேசியுஸ், குடிமக்கள் யாவரும் தேவர்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெறவேண்டும் எனக் கட்டளையிட்டான். அச்சான்றிதழ்கள் சில எகிப்தின் மணலில் இன்றும் கிடைத்திருக்கின்றன. அஞ்சிப் பலியிட்ட கிறிஸ்தவர் உண்டு. மறுத்துச் சிறை சென்றவர் உண்டு. மூன்றாவது வகையினரும் இருந்தனர். அவர்கள் பலியிடவில்லை, காசு கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டனர். கலகம் ஓய்ந்தபின் இவர்களை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. நொவாசியன் போன்றோர் கதவைச் சாத்தவேண்டும் என்றனர். கார்த்தேஜ் நகர ஆயர் புனித சிப்பிரியான் அப்படிச் சாத்தவில்லை; கடந்துபோகட்டும் என்று விடவுமில்லை. தாளை வாங்கியவரும் பலியிட்டவரும் ஒன்றல்லர் என்று பிரித்தறிந்து, 251-இல் கூடிய ஆயர் மன்றத்தின் வழியே ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியே ஆராய வழிசெய்தார். பொய் பொய்தான். ஆனால் அதைச் சொன்னவர் எந்த நெருக்கடியில் நின்றார் என்று கேட்காமல் தீர்ப்பிடுவது ஆயனின் வேலையன்று.

இங்கு ஒரு வேறுபாட்டையும் காணவேண்டும். தேசியுஸின் ஆணை எல்லாரையும் அச்சுறுத்தியது. சிப்பிரியானும் தலைமறைவாக வாழ நேர்ந்தது. நம் காலத்துப் படிவம் எல்லாரையும் சோதிப்பதில்லை. பிற சாதிக் கிறிஸ்தவர் அக்கட்டத்தில் தம் மதத்தைத் துணிந்து எழுதுகிறார். எழுதுவதால் அவர் இழப்பது அநேகமாக ஒன்றுமில்லை. செலவில்லாத நேர்மைக்கு விசுவாசம் என்று பெயரிட்டுக்கொண்டு, வேலையையும் வீட்டையும் விலையாகக் கேட்கும் நேர்மையில் தடுமாறுபவரை இகழ்வது நமக்கு எளிது. 2024 நவம்பரில், கிறிஸ்தவ வழிபாட்டில் பங்கேற்றுக்கொண்டே இந்து எனச் சாதிச் சான்றிதழ் கோரிய புதுவைப் பெண் ஒருவரின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளியது. இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் மதத்தை மாற்றிச் சொல்வது அரசியலமைப்பின்மீது இழைக்கும் மோசடி என்றது. சட்டத்தின் மொழியில் அது சரியாக இருக்கலாம். ஒருவரிடம் பொய்யைத் தவிர வேறு வழியை விட்டுவைக்காத ஆணைக்கு என்ன பெயர் என்பதைத் தீர்ப்பிலிருந்து நாம் அறியமுடியாது.

இனி 1985-இன் சொற்களுக்குத் திரும்புவோம். சான்று இல்லை என்றார்கள். உண்மையில் இல்லையா? திருச்சியில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டம் ஒன்றின் நடுவே இறந்தோரைச் சாதியால் பிரிக்கும் சுவர் எழுந்ததை நாடறியும். புனித தேவசகாயம் 1745-இல் திருமுழுக்குப் பெற்ற வடக்கன்குளத்தில், வழிபடுவோரைச் சாதிவாரியாகப் பிரித்து நிறுத்திய கோவில் சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. தேர் எந்தத் தெருவுக்குள் திரும்பும், எந்தத் தெரு வாயிலில் நின்றுவிடும் என்பது நம் திருவிழாக்களில் யாரும் எழுதிவைக்காத விதி. இத்தனையும் இருக்க, அயலார் கேட்டால் எங்களுக்குள் சாதி இல்லை என்கிறோம். கிறிஸ்துவின் பெயருக்கு இழுக்கு வரக்கூடாதே என்ற நல்லெண்ணமும் அதில் உண்டுதான். ஆனால் மறைத்துச் சொன்ன அந்தச் சொல்லே தலித் சகோதரரின் வழக்கில் எதிர்ச் சாட்சியாகப் போய் நிற்கிறது. அவர் வயிற்றுக்காகப் படிவத்தில் ஒரு சொல்லை மாற்றினார். நாம் பெருமைக்காக ஒரு சுவரை மறைத்தோம். இவ்விரண்டில் எது கனமானது என்று சிப்பிரியான் வந்து ஆராய்ந்தால் நமக்கு அவ்வளவு ஆறுதலாக இராது.

2016-இல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்கள் மேம்பாட்டிற்கான கொள்கை ஏட்டை வெளியிட்டு, திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு நிலவுவதை ஒப்புக்கொண்டது. நெடுநாள் கழித்து வந்த நேர்மை. ஆயினும் அதுவும் நேர்மைதான். அவ்வேடு பங்கு அலுவலகங்களின் அலமாரியில் உறங்குகிறதா, கல்லறைத் தோட்டம் வரை நடந்து செல்கிறதா என்பது வேறு கேள்வி.

ஆகஸ்டு 10 அன்று கறுப்புக்கொடியுடன் தலித் கிறிஸ்தவர்கள் ஆண்டுதோறும் வீதிக்கு வருகிறார்கள். அந்நாள் புனித இலாரன்ஸ் திருநாளும் ஆகும். திருச்சபையின் செல்வங்களைக் கொண்டுவா என்று உரோமை அதிகாரி கேட்டபோது, ஏழைகளைத் திரட்டிக் கொண்டுபோய் நிறுத்தியவர் அவர் என்பது மரபு. காலையில் கோவிலில் அவருக்குத் திருப்பலி. பிற்பகலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் முன் ஆர்ப்பாட்டம். காலையில் முன்வரிசையில் முழந்தாளிட்டவர்களுள் எத்தனை பேர் பிற்பகல் வெயிலிலும் நிற்கிறார்கள் என்று யாரேனும் எண்ணிப் பார்க்கலாம்.