சேசிஸ் ஒருவர், பாடி ஒருவர்

சென்னையை அடுத்த தண்டலம் நெடுஞ்சாலையில், முகத்தில் துண்டு கட்டிய ஓட்டுநரோடு வெறும் பஸ் சேசிஸ் போவதைப் பார்த்திருப்பீர்கள். கரூர் போன்ற ஊர்களில்தான் அதற்குப் பாடி கட்டுவார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு ரோல்ஸ் ராய்ஸ் காரும் இப்படித்தான்: சேசிஸும் எஞ்சினும் அவர்களுடையவை; பாடியோ பார்க்கர், ஹூப்பர் போன்ற வெளிப்பட்டறைகளின் வேலை. கதவு கிறீச்சிட்டாலும் பேர் கெடுவது ரோல்ஸ் ராய்ஸுக்கு!

இப்படி இருவர் சேர்ந்து உருவாக்கும் வண்டி தரவிதிகளுக்கு உட்பட்டது என்று சான்று தரும் படிவம் 22ஏ-யை நம் மோட்டார் வாகன விதிகள் இரண்டாகப் பிரிக்கின்றன. முதல் பகுதியில் சேசிஸ் தயாரிப்பாளர் கையெழுத்து, இரண்டாவதில் பாடி கட்டியவர் கையெழுத்து. பேருந்துப் பாடிக்கென்றே ஏஐஎஸ்-052 விதிமுறையும் உண்டு. ஆனாலும் அவசர வழிக் கதவு நிஜமாகவே திறக்கிறதா என்று சேசிஸ் தயாரித்தவரும் ஆளனுப்பிப் பார்க்க வேண்டும். முன்முகப்பில் மின்னுவது அவருடைய சின்னம். அதை நம்பித்தான் ஜனங்கள் ஏறுகிறார்கள்.