நெருக்கத்தில் வந்த நாராயணன்

பெருமாள் சந்நிதி. திரை போட்டிருக்கிறது. மணிச்சத்தம் கேட்டதும் கூட்டம் முன்னே நகர்கிறது. நமக்கு முன்னால் உயரமான ஒரு மாமி. பக்கத்தில், இடுப்பில் குழந்தையோடு ஓர் இளம்பெண். பின்னாலிருந்து யாரோ முழங்கையால் இடிக்கிறார்கள். ‘கொஞ்சம் நகரக் கூடாதா? நான் சேவிக்க வேண்டாமா?’ என்று மனசு முணுமுணுக்கிறது. திரை விலகி, தீபாராதனை ஆகி, மறுபடியும் திரை விழுகிறது. அப்போதும் முணுமுணுப்பு ஓயவில்லை. கண் பெருமாளைப் பார்த்தது. மனசு அந்த முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தது!

அன்புத் தோழியரே! நாம் முகம் சுளிக்கிற இந்த நெருக்கத்தை, அந்தப் பெருமாளே விரும்பித் தேடி வந்த தலம் ஒன்று உண்டு. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், தென்பெண்ணை ஆற்றங்கரையில் இருக்கும் திருக்கோவிலூர்தான் அது. ஆழ்வார்கள் காலத்துப் பெயர் திருக்கோவலூர். 108 திவ்ய தேசங்களில் நடுநாட்டுத் தலங்கள் இரண்டே இரண்டு. ஒன்று திருவஹீந்திரபுரம், மற்றொன்று இது. இங்கே ஒரு திருவடியை வானளாவத் தூக்கி, உலகளந்த பெருமாளாக நிற்கிறார் திரிவிக்கிரமன். தாயார் பூங்கோவல் நாச்சியார்.

மகாபலியிடம் மூன்றடி மண் கேட்டு, இரண்டடியிலேயே மண்ணையும் விண்ணையும் அளந்துவிட்டவர் அவர். உலகமே போதாத அந்தப் பெருமாள், இந்த ஊரில் எங்கே வந்து நின்றார் தெரியுமா? ஓர் ஆள் மட்டுமே படுக்கக்கூடிய இடைகழியில்!

இடைகழி என்றால் வேறொன்றுமில்லை. பழைய வீடுகளில் வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவே இருக்குமே, ‘ரேழி’ என்போமே, அதுதான்.

மழை இரவில் மூன்று பேர்

காஞ்சியில் அவதரித்தவர் பொய்கையாழ்வார். கடல்மல்லை என்கிற மாமல்லபுரத்தில் அவதரித்தவர் பூதத்தாழ்வார். மயிலையில் அவதரித்தவர் பேயாழ்வார். ஐப்பசி மாதத்தில் திருவோணம், அவிட்டம், சதயம் என்று அடுத்தடுத்த மூன்று நட்சத்திரங்களில் அவதரித்தவர்கள். ஆனாலும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். தனித்தனியே தலம் தலமாகச் சென்று பெருமாளைச் சேவித்துக்கொண்டிருந்தவர்கள்.

ஒருநாள் இரவு. திருக்கோவலூரில் பேய்மழை. கும்மிருட்டு. மிருகண்டு முனிவரின் ஆசிரமம் என்று சொல்லப்படும் இடத்தின் இடைகழியில் ஒதுங்கினார் பொய்கையார். படுத்தும்விட்டார். சிறிது நேரத்தில் கதவு தட்டப்பட்டது. நனைந்தபடி பூதத்தார். “இங்கே ஒருவர்தான் படுக்க முடியும். ஆனால், இருவர் உட்காரலாம். வாருங்கள்” என்று எழுந்து உட்கார்ந்தார் பொய்கையார். மறுபடியும் கதவு தட்டப்பட்டது. இப்போது பேயார். உட்கார்ந்திருந்த இருவரும் எழுந்தார்கள். மூன்று பேரும் நின்றுகொண்டார்கள்.

நின்றபடியே பகவானின் பெருமைகளைப் பேசிக்கொண்டிருந்தபோது, திடீரென்று நெருக்கம் அதிகமானது. மூவருக்கு நடுவே நான்காவதாக யாரோ புகுந்து நெருக்குவது போலிருந்தது. விளக்கு இல்லை, யாரென்று தெரியவில்லை.

பூமியையே அகலாகவும் கடலையே நெய்யாகவும் சூரியனையே சுடராகவும் வைத்துப் பாசுரத்தால் ஒரு விளக்கேற்றினார் பொய்கையார். அன்பை அகலாக்கி, ஆர்வத்தை நெய்யாக்கி, உருகும் மனதைத் திரியாக்கி இன்னொரு விளக்கேற்றினார் பூதத்தார். அந்த வெளிச்சத்தில் மகாலட்சுமியோடு நின்ற எம்பெருமானைக் கண்டு பாடினார் பேயார். இப்படித்தான் முதல், இரண்டாம், மூன்றாம் திருவந்தாதிகள் நமக்குக் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் 100 பாசுரங்கள்.

இந்தப் பெருமாளுக்கு ‘தேஹளீசன்’ என்றே ஒரு திருநாமம் உண்டு. இடைகழியின் ஈசன் என்று பொருள். வேதாந்த தேசிகர் இவர்மீது ‘தேஹளீச ஸ்துதி’ அருளியிருக்கிறார். உலகளந்த பெருமைக்கு இணையாக, ரேழியில் நின்ற பெருமையும் அவருக்குப் பெயராகிவிட்டது, பாருங்கள்!

வெளியே போகச் சொன்னாரா?

கதை கேட்டதும் உங்களில் சிலருக்கு ஒரு வருத்தம் எழலாம். ‘விட்டுக்கொடு, விட்டுக்கொடு என்று எங்களுக்கேதான் சொல்வீர்களா? காலையில் எழுந்தது முதல் எல்லோருக்கும் விட்டுக்கொடுத்துக்கொண்டுதானே இருக்கிறோம். எங்களுக்கு யார் இடம் கொடுத்தார்கள்?’

நியாயமான கேள்வி. கதையை மறுபடியும் பாருங்கள். பூதத்தார் வந்ததும் பொய்கையார் மழையில் இறங்கிப் போனாரா? இல்லையே! படுத்திருந்தவர் உட்கார்ந்தார், பிறகு நின்றார். அவருடைய இடம் அவருக்கு இருந்தது. இடம் கொடுப்பது வேறு; இடத்தைக் காலி செய்வது வேறு. நம்மையே அழித்துக்கொள்ளும்படி அந்த இடைகழி சொல்லவில்லை. கை காலை நீட்டிக்கொண்டிருக்கிற ‘நான்’ கொஞ்சம் மடங்கட்டும் என்றுதான் சொல்கிறது.

இந்த ‘நான்’ ஆணவத்தால் மட்டும் நீட்டிப் படுப்பதில்லை. வருத்தத்தாலும் படுத்துக்கொள்ளும். ‘என்னை யாரும் மதிக்கவில்லை, என்னை யாரும் விசாரிக்கவில்லை’ என்று நாளெல்லாம் நம் காயத்தையே தடவிக்கொண்டிருந்தால், அதுவும் மனசின் ரேழியை முழுசாக அடைத்துக்கொள்கிறது. கதவைத் தட்டுகிறவரின் சத்தம் எப்படிக் கேட்கும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். இருட்டில் நெருக்கம் அதிகமானபோது, ‘ஏன் இடிக்கிறீர்?’ என்று அந்த மூவரும் சண்டை போடவில்லை. ‘இது யார்?’ என்று அறிய ஆசைப்பட்டார்கள். விளக்கு வந்தது அந்த ஆசையால்தான்.

சம்பாஷணையிலும் ஓர் அந்தாதி

அந்தாதி என்றால் என்ன? ஒரு பாட்டு முடிகிற சொல்லில் அடுத்த பாட்டு தொடங்கும். முந்தைய பாட்டின் கையைப் பிடித்துக்கொண்டே அடுத்தது நடக்கும். நம் பேச்சு அப்படி இருக்கிறதா?

லிஃப்ட் வாசலில் எதிர் ஃப்ளாட் பெண், “ராத்திரியெல்லாம் மாமியாருக்கு மூச்சுத்திணறல், கண்ணை மூடவே இல்லை” என்கிறாள். “அதை ஏன் கேக்கறே, எனக்கும் ஒரு வாரமா முதுகுவலி...” என்று ஆரம்பிக்கிறோம். நம் முதுகுவலி பொய்யில்லைதான். ஆனால் அவள் நீட்டிய கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது. சிரித்து மழுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். “இப்ப எப்படி இருக்காங்க? நீ ஏதாவது சாப்பிட்டியா?” என்று அவள் முடித்த இடத்தில் நாம் தொடங்கியிருந்தால்? அதுவே ஓர் அந்தாதி!

மூன்று ஆழ்வார்களில் பேயார் விளக்கேற்றவில்லை. மற்ற இருவர் ஏற்றிய வெளிச்சத்தில் கண்டார். நமக்கும் அப்படித்தான். நம் ஒற்றை விளக்கில் தெரியாதது, பக்கத்தில் நிற்பவரின் விளக்கில் தெரிந்துவிடுகிறது. அதற்கு அவரைப் பக்கத்தில் நிற்கவிட வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். சாயங்காலம் விளக்கேற்றியதும், உங்கள் வேண்டுதலைச் சொல்வதற்கு முன், ஒரே ஒரு பெயரை நினையுங்கள். பல நாளாகப் பேசாத நாத்தனாராக இருக்கலாம். வாடிய முகத்தோடு வேலைக்கு வரும் பெண்ணாக இருக்கலாம். தன் அறைக்குள்ளேயே இருக்கும் மகளாக இருக்கலாம். அவருக்காக வேண்டிக்கொண்டு, மறுநாள் அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். பதிலை முழுசாகக் கேளுங்கள். நடுவே ‘எனக்கும்’ என்ற சொல் வேண்டாம்.

நெருக்கடி என்று நாம் நினைப்பது நெருக்கமாக மாறும் கணத்தில்தான் அந்த நான்காமவர் உள்ளே வருகிறார். அவர் கதவைத் தட்டுவதில்லை. தட்டுகிறவருக்கெல்லாம் நாம் கொடுக்கிற இடத்தில், தானும் வந்து நின்றுகொள்கிறார்.

இடைகழியில் நின்ற எம்பெருமான், உங்கள் இல்லத்திலும் உள்ளத்திலும் வந்து நிற்க அவன் திருவடிகளைப் பணிவோம்!