இலையை விடும் மரமும் விட முடியாத மனிதரும்

(பொதுக்காலம் 28ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு. வாசகங்கள்: சாலமோனின் ஞானம் 7:7-11, திருப்பாடல் 90:12-17, எபிரேயர் 4:12-13, மாற்கு 10:17-30)



நாளை நன்றியறிதல் திங்கள். இந்த விடுமுறையில் ரொறன்ரோவிலிருந்து வடக்கே போகும் 400ஆம் நெடுஞ்சாலை எப்படி நிரம்பும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. நேற்றே போய் வந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். பூசை முடிந்த கையோடு புறப்படுவதற்காக வானில் சோற்றுப் பொதியும் தேநீர்ப் போத்தலும் ஏற்றிவிட்டு வந்தவர்களும் இருக்கிறீர்கள். பாரி நகரைத் தாண்டி, 11ஆம் சாலையில் ஹன்ட்ஸ்வில் வரை ஏறி, அங்கிருந்து 60ஆம் சாலையில் கிழக்கே திரும்பினால் அல்கோன்குவின் பூங்கா. 1893இல் ஒன்ராறியோ அரசு பூங்காவாக அறிவித்த பெருங்காடு அது. காட்டுக்குள் மட்டும் அந்தச் சாலை 56 கிலோமீற்றர் ஓடுகிறது. செப்டெம்பர் கடைசியில் சீனி மேப்பிள் சிவக்கத் தொடங்கும். அது உதிரும் வேளையில் பேர்ச்சும் ஆஸ்பெனும் மஞ்சளாகும். அவையும் ஓய்ந்தபின் ஒக்டோபர் நடுவில், ஊசியிலை மரமாக இருந்தும் இலையுதிர்க்கிற தாமராக், சதுப்பு நிலங்களில் பொன்னிறமாக நிற்கும்.

"இலை பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்று நம் அம்மம்மாமார் சிலர் கேட்பதுண்டு. போய் வாருங்கள் என்றே நான் சொல்வேன். ஒரு மலைச்சரிவு முழுவதும் சில நாள்களில் நிறம் மாறுவதைப் பிள்ளைகளோடு நின்று பார்ப்பது, அதைப் படைத்தவருக்கு நன்றி சொல்வதற்கு நல்ல தொடக்கம். இன்றைய நற்செய்தியும் ஒரு சாலையில்தான் நடக்கிறது. இயேசு பயணம் புறப்படுகிற நேரம். ஒரு மனிதர் ஓடி வந்து முழந்தாளிடுகிறார்.

அந்த மனிதரிடம் போகும் முன்பு, உங்களோடு அந்தக் காட்டுக்குள் கொஞ்ச நேரம் நிற்க விரும்புகிறேன். அங்கே மரம் செய்கிற காரியத்தைத்தான் இந்த மனிதரால் செய்ய முடியவில்லை.

பனிக்காலம் வருவதை மரத்துக்கு முதலில் சொல்வது பகலின் நீளம். வெப்பம் ஏமாற்றும், ஒக்டோபரிலும் சில நாள் கோடைபோல எரிக்கும். பகல் குறுகுவதில் அந்த ஏமாற்று இல்லை. திருப்பாடல் 90இல் நாம் இன்று கேட்ட வேண்டுதல், எங்கள் நாள்களை எண்ணிப் பார்க்கும் அறிவைத் தாரும் என்பது. மேப்பிள் அதைக் கேட்காமலே பெற்றிருக்கிறது. நாள் குறுகியதும் இலையின் பச்சையம் சிதைகிறது. மஞ்சளும் செம்மஞ்சளும் கோடை முழுவதும் பச்சைக்குள் மறைந்திருந்த நிறங்கள். அவை இப்போது வெளியே தெரிகின்றன. மேப்பிளின் சிவப்பு வேறு விதம். அந்த நிறத்தை இலை தன் கடைசி வாரங்களில்தான் புதிதாக உண்டாக்குகிறது. வெயிலான பகலும் உறையாத குளிர் இரவும் சேர்ந்தால் அது ஆழமாக ஏறும். விழப்போகிற இலைக்கு ஏன் இந்தச் செலவு? இலையிலுள்ள சத்துகளைத் திரும்ப எடுக்கும் நாள்களில் அதை வெயிலின் தாக்கத்திலிருந்து காப்பதற்காக இருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள்.

ஆம், மரம் திரும்ப எடுக்கிறது. வீடு மாறுகிறவர்கள் தேவையான சாமான்களை முதலில் கட்டி எடுப்பதுபோல, இலையிலுள்ள நைதரசனையும் பொசுபரசையும் மரம் கிளைக்கும் தண்டுக்கும் வேருக்கும் இழுத்துக்கொள்கிறது. பிறகு இலைக்காம்பு கிளையோடு சேரும் இடத்தில் மெல்லிய பிரிபடை ஒன்று உருவாகிறது. கடைசியில் காற்றடித்து இலை விழுவதைத்தான் நாம் பார்க்கிறோம். காற்று வருவதற்கு வெகுநாள் முன்பே மரம் அந்த இலைக்கு விடைகொடுக்கத் தொடங்கிவிட்டது. கடவுளின் வார்த்தை மூட்டுவரை நுழைந்து நுட்பமாகப் பிரிக்கிற வாள் என்று எபிரேயர் மடலில் கேட்டோமே, அதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. பிய்த்தெறிவதில்லை, எந்த இடத்தில் பிரிய வேண்டுமோ அந்த இடத்தில் பிரிகிறது. அந்த இடத்தைத் தக்கைப் படலம் மூடிவிடுகிறது. நாளை போகிறவர்கள் ஒரு கிளையைத் தாழ்த்திப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இலை இருந்த தழும்புக்குச் சற்று மேலே ஒரு மொட்டு இருக்கும். அடுத்த வசந்தத்துக்கான மொட்டு அது. இலை பச்சையாக இருந்த கோடையிலேயே உருவாகி, செதில் போர்த்திக்கொண்டு காத்திருக்கிறது.

விடாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை இங்கிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கும் பஃபலோ நகரத்து மக்கள் அறிவார்கள். 2006 ஒக்டோபர் 12ஆம் 13ஆம் தேதிகளில் ஈரி ஏரியிலிருந்து எழுந்த புயல், அந்த நகரத்தின் மேல் ஏறத்தாழ இரண்டடிக்கு ஈரப்பனியைக் கொட்டியது. சனவரியில் பஃபலோவுக்கு இரண்டடிப் பனி பெரிய செய்தியாகாது. அன்று மரங்களில் இலைகள் இன்னும் இருந்தன. ஒவ்வோர் இலையும் பனியைத் தாங்கிப் பிடித்தது. இரவெல்லாம் கிளைகள் முறிகிற சத்தம். தெருக்களிலும், ஓல்ம்ஸ்டெட் வடிவமைத்த பழைய பூங்காக்களிலும் ஏராளமான மரங்கள் பிளந்துபோயின. மின்கம்பிகள் அறுந்து இலட்சக்கணக்கானோர் இருளில் இருந்தார்கள். அந்த மரங்களைக் குறை சொல்ல முடியாது. பனி காலத்துக்கு முந்தி வந்தது. ஆனால் இலையோடு பனிக்காலத்துக்குள் நுழையும் மரத்தின் கதி இதுதான்.

இப்போது சாலையில் முழந்தாளிட்டவரிடம் வருவோம்.

அவர் கெட்டவர் அல்லர். கட்டளைகளைச் சிறுவயது முதல் கடைப்பிடித்து வந்தவர். அதை இயேசு மறுக்கவில்லை. மாற்கு மட்டும் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறார்: இயேசு அவரை உற்றுப் பார்த்தார், அவர்மேல் அன்புகொண்டார். அந்தப் பார்வைக்குப் பிறகுதான் அந்த ஒரு குறையைச் சொல்கிறார். உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடு, பிறகு என்னைப் பின்பற்று. அந்த மனிதரின் முகம் வாடுகிறது. அவர் துயரத்தோடு போகிறார்; ஏனென்றால் அவருக்குச் சொத்து ஏராளம். சாலமோன் பொன்னை ஒரு பிடி மணலாகப் பார்த்தார் என்று முதல் வாசகம் சொல்லிற்று. இவருக்குப் பொன் பொன்னாகவே தெரிந்தது. கேட்டவரின் கண்ணில் இருந்த அன்பு தெரியவில்லை.

நம்மில் பெருஞ்செல்வர் மிகச் சிலரே. அதனால் இந்த நற்செய்தி வேறு யாருக்கோ என்று நினைத்துவிட வேண்டாம். இந்தப் பங்கில் உங்களோடு வாழும் எனக்கு, நம் வீடுகளில் பனிக்காலத்துக்குள்ளும் தொங்கிக்கொண்டிருக்கும் இலை எது என்று தெரியும். காணி. ஊரில் ஒரு வளவு. உறுதி அப்பாவின் பேரில். ஒரு பிள்ளை ஸ்கார்பரோவில், ஒருவர் லண்டனில், ஒருவர் ஊரிலேயே தாய் தகப்பனைப் பார்த்தவர். மதில் யார் பக்கம், கிணறு யாருக்கு, பத்து வருடம் முன்பு யார் யாரிடம் என்ன சொன்னார். தாயின் செத்தவீட்டில்கூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்ற உடன்பிறப்புகளை நான் கண்டிருக்கிறேன். அந்த வளவில் போய்க் குடியிருக்கப் போகிறவர் யாருமில்லை. அங்கே முள்முருங்கை வேலியும் பாழடைந்து கிடக்கும். ஆனாலும் விட முடியவில்லை. இது பணத்தினால் வந்த பிடி என்றால் பணத்தைக் கொடுத்துத் தீர்த்திருப்பீர்கள். நான் சொன்னதுதான் சரி என்ற எண்ணத்தை விட முடியாததுதான் இங்கே பாரம். இதன்மேல் பனி விழுந்து கொண்டிருக்கிறது, அன்பானவர்களே. குடும்பங்கள் முறிகிற சத்தம் எனக்குக் கேட்கிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். உங்களில் பலர் வீட்டை, காணியை, ஊரை விட்டு வந்தது விருப்பத்தால் அல்ல. 1983க்குப் பின்னும், 2009இல் முள்ளிவாய்க்கால் வரையும் உங்களிடமிருந்து பறிக்கப்பட்டவற்றை நினைத்து, "விடப் பழகுங்கள்" என்று இந்தப் பீடத்தில் நின்று யாராவது சொன்னால் அது நற்செய்தி ஆகாது. இயேசு அந்த மனிதரிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. அன்போடு பார்த்தார், கேட்டார், அவர் மறுத்தபோது போகவும் விட்டார். பச்சை இலையைப் புயல் பிய்த்தால் அங்கே காயம்தான் இருக்கும். இராணுவம் பிடித்துவைத்த நிலத்தைத் திருப்பித் தா என்று வலிகாமம் வடக்கு மக்களும் கேப்பாப்பிலவு மக்களும் கேட்டது நீதியின் குரல். அந்தக் குரலோடு திருச்சபை நிற்க வேண்டும். அண்ணன் தம்பிக்கு நடுவில் இருக்கும் மதில் அந்த வகையைச் சேர்ந்ததல்ல. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, முதலாவதின் வலியால் இரண்டாவதை நியாயப்படுத்திவிடக் கூடாது.

அல்கோன்குவினுக்குப் போகும் வழியில், அல்லது திரும்பும் வழியில், நேரமிருப்பவர்கள் மிட்லண்ட் பக்கம் திரும்புங்கள். கோடையில் நாம் யாத்திரை போகிற மறைசாட்சியர் திருத்தலம் உங்களுக்குப் பழக்கம். அதற்கு எதிரே சாலைக்கு அப்பால் செந்த் மரீ என்ற பழைய மறைப்பணித் தளத்தை மீண்டும் எழுப்பி வைத்திருக்கிறார்கள். யாத்திரை நாள் கூட்டத்தில் பலர் அதைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறோம். 1639இல் இயேசு சபையினர் வென்டாட் என்ற பூர்வகுடி மக்களின் நடுவில் அதைக் கட்டத் தொடங்கினார்கள். ஆலயம், மருத்துவமனை, பட்டறை, வயல் என்று பத்து ஆண்டு உழைப்பு. 1649 மார்ச் மாதத்தில் அருட்தந்தையர் ஜான் தெ பிரெபோவும் கபிரியேல் லலமாந்தும் கொல்லப்பட்டார்கள். ஊர்கள் எரிந்தன. அதே ஆண்டில் எஞ்சிய குருக்கள் செந்த் மரீயைத் தங்கள் கையாலேயே தீ வைத்துவிட்டு, வென்டாட் மக்களோடு ஜோர்ஜியன் விரிகுடாத் தீவு ஒன்றுக்குப் போனார்கள். பத்து ஆண்டு உழைப்பு ஒரு பொழுதில் சாம்பல். அந்தத் தீவில் அந்தப் பனிக்காலம் பட்டினிக் காலமாயிற்று. மக்கள் கூட்டங்கூட்டமாக இறந்தார்கள். 1650இல் மிஞ்சியவர்கள் கியூபெக் நோக்கிப் புறப்பட்டார்கள்.

அங்கே நிற்கும்போது குருக்களை மட்டும் நினைக்காதீர்கள். அவர்கள் ஓர் அழைப்புக்காகத் தாங்களே விட்டவர்கள். வென்டாட் மக்கள் முன்பே அம்மை முதலான தொற்றுநோய்களில் பாதிப்பேரை இழந்து, பிறகு ஊரையும் இழந்தவர்கள். அவர்களின் சந்ததியார் இன்றும் கியூபெக் நகருக்கு அருகே வென்டாக்கேயில் வாழ்கிறார்கள். விட்டவர்களும் இழந்தவர்களும் ஒரே தீவில் ஒரே பசியைப் பகிர்ந்தார்கள். எனக்கு அந்த இடத்தில் பெரிதாகத் தோன்றுவது அதுதான். தங்கள் கட்டடங்களைக் காக்க நின்றிருந்தால் அந்தக் குருக்கள் அந்த மக்களோடு போயிருக்க முடியாது.

பேதுரு கேட்கிறார்: நாங்கள் எல்லாவற்றையும் விட்டோமே? இயேசுவின் பதிலில் வீடுகளும் வருகின்றன, சகோதர சகோதரிகளும் வருகிறார்கள், தாயும் பிள்ளைகளும் நிலமும் வருகின்றன. நூறு மடங்கு, அதுவும் இம்மையிலேயே. துன்புறுத்தலும் உண்டு என்று மறைக்காமல் சொல்கிறார். வந்திறங்கிய முதல் பனிக்காலத்தில் உங்களுக்கு மேலங்கி தந்தவர் யார், அடித்தளத்தில் இருக்க இடம் விட்டவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். சொந்தமல்லாத வீடுகளில் உங்களுக்குத் தாய்களும் சகோதரர்களும் கிடைத்தார்கள். இதை வேதாகம வாக்குறுதி என்று அன்று நாம் அடையாளம் காணாமல் இருந்திருக்கலாம்.

போனவர் திரும்பி வந்தாரா என்று மாற்கு சொல்லவில்லை. இளம் பீச் மரங்களை அந்தச் சாலையோரம் பார்ப்பீர்கள். மற்ற மரங்கள் மொட்டையான பின்னும் அவை காய்ந்த இலைகளைப் பனிக்காலம் முழுவதும் பிடித்துக்கொண்டிருக்கும். வசந்தத்தில் மொட்டு விரியும்போதுதான் பலவும் விழும். உங்கள் வீட்டிலும் மெதுவாக விடுகிறவர்கள் இருப்பார்கள். அவர்களை உலுக்க வேண்டாம். இயேசு அந்த மனிதரைப் பார்த்த அதே பார்வையோடு காத்திருங்கள்.

நாளை போகிறவர்களிடம் இரண்டு வேண்டுகோள். உங்கள் வானில் ஓர் இருக்கை காலியாக இருந்தால், மாடிக் குடியிருப்பில் தனியாக இருக்கும் ஒரு பெரியவரை ஏற்றிக்கொள்ளுங்கள். யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் பூசை முடிந்ததும் என்னிடம் வாருங்கள், பெயர் சொல்கிறேன். மற்றது, ஹன்ட்ஸ்வில்லில் கோப்பி குடிக்க நிறுத்தும்போது, இத்தனை வருடமாகப் பேசாத அந்த அண்ணனுக்கோ அக்காவுக்கோ ஓர் அழைப்பு எடுங்கள். காணியைப் பற்றி முதல் அழைப்பில் பேச வேண்டாம். மரங்கள் எப்படி இருக்கின்றன என்று சொல்லுங்கள், சுகம் கேளுங்கள், போதும். அவர் எடுக்காவிட்டால் திரும்பும்போது மறுபடியும் எடுங்கள்.

இப்போது எழுந்து நின்று நம் விசுவாசத்தை அறிக்கையிடுவோம்.