பெயரற்ற இசையும் பெயருக்குரிய நீதியும்

ஒருவர் ஆற்றிய பணியில் அவருடைய பெயர் இல்லாதபோது, அப்பணி யாருக்கு உரியது? பெயர் வேண்டாம் என்று அவரே விலகியிருந்தால், அப்பெயரைத் தேடியெடுத்து அப்பணியின்மேல் பொறிக்கப் பிறருக்கு உரிமை உண்டா? இவை பழைய வினாக்கள். நம் பிள்ளைகள் தொலைக்காட்சித் திரையின்முன் அமர்ந்து ஆடும் வீடியோ விளையாட்டு ஒன்று, முப்பது ஆண்டுகளாக இவ்வினாக்களைப் புதிய வடிவில் எழுப்பிக்கொண்டிருக்கிறது. விளையாட்டுதானே என்று நாம் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. பெரியவற்றில் நாம் எவ்வாறு தீர்ப்பிடுகிறோம் என்பதைச் சிறியவை பல வேளைகளில் தெளிவாகக் காட்டிவிடுகின்றன.

ஜப்பானின் சேகா நிறுவனம் 1994ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ‘சோனிக் 3’ என்னும் விளையாட்டை அமெரிக்காவில் வெளியிட்டது. நீல நிற முள்ளெலி ஒன்று மலைகளையும் பனிச்சரிவுகளையும் தாண்டி விரைந்தோடுவதே அவ்விளையாட்டு. ஒவ்வொரு கட்டத்திற்கும் தனித்தனி இசை உண்டு. விளையாட்டை முடித்தவுடன் திரையில் பெயர்கள் வரிசையாக வரும். அவ்வரிசையில் சேகாவின் சொந்த இசைக்கலைஞர்களோடு, பிராட் பக்ஸர், பாபி புரூக்ஸ், டாரில் ராஸ், ஜெஃப் கிரேஸ், டக் கிரிக்ஸ்பி, சிராக்கோ என்னும் அறுவரின் பெயர்களும் இடம்பெற்றன. பக்ஸர் அந்நாளில் மைக்கேல் ஜாக்சனுக்கு நெருங்கிய இசைத் துணைவர். மற்றவருள்ளும் ஜாக்சனோடு பணியாற்றியோர் உண்டு. ஆனால் ஜாக்சனின் பெயர் அவ்வரிசையில் இல்லை.

ஜாக்சனுக்கும் சேகாவுக்கும் முன்பே தொடர்பு இருந்தது. அவரையே நாயகனாகக் கொண்ட ‘மூன்வாக்கர்’ என்னும் விளையாட்டை அந்நிறுவனம் 1990இல் வெளியிட்டிருந்தது. ஆகவே, ‘சோனிக் 3’ இசையைக் கேட்ட இளைஞர்கள், “இதில் அவருடைய கை இருக்கிறது” என்று சொல்லத் தொடங்கினர். ஒரு கட்டத்தின் இசையை அவருடைய ‘ஜாம்’ பாடலோடு ஒப்பிட்டனர். இறுதிப் பெயர்வரிசையோடு ஒலிக்கும் இசையை, 1995இல் ‘ஹிஸ்டரி’ தொகுப்பில் வந்த ‘ஸ்ட்ரேஞ்சர் இன் மாஸ்கோ’ பாடலோடு ஒப்பிட்டனர். இல்லை என்று மறுத்தோரும் இருந்தனர். வாதம் வளர்ந்தது.

ஒரு மௌனமும் பல விளக்கங்களும்

பெயர் ஏன் இல்லை என்பதற்கு இருவேறு விளக்கங்கள் கிடைத்துள்ளன. விளையாட்டு உருவான அமெரிக்கப் பணிமனையின் பொறுப்பாளராயிருந்த ராஜர் ஹெக்டர் ஒன்றைக் கூறினார். 1993இல் ஜாக்சன்மீது குற்றச்சாட்டுகள் எழுந்தன. அவற்றை அவர் மறுத்தார். அவ்வேளையில் அவருடைய பங்களிப்பு விலக்கப்பட்டு, இசை மாற்றியமைக்கப்பட்டது என்பது ஹெக்டரின் கூற்று. பக்ஸரோ 2009இல் பிரெஞ்சு இதழ் ஒன்றுக்கு அளித்த பேட்டியில் வேறுவிதமாகக் கூறினார். அக்கருவியின் ஒலித்திறன் ஜாக்சனுக்கு நிறைவளிக்கவில்லை; தம் இசையைக் குறைத்துக் காட்டும் ஒலியோடு தம் பெயர் சேர்வதை அவர் விரும்பவில்லை என்றார். இவ்விளக்கம் நம்பத்தகாததன்று. அக்கருவியின் முதன்மை ஒலிச்சில்லு ஒரே நேரத்தில் ஆறு ஒலித்தடங்களை மட்டுமே எழுப்ப வல்லது. பெரும் ஒலிப்பதிவுக் கூடங்களில் பழகிய செவிக்கு அது எப்படிப் போதும்?

2016இல் இசைக் குழுவினர் சிலர் மீண்டும் பேசினர்; ஜாக்சனோடு உருவாக்கிய இசை விளையாட்டில் நிலைத்தே இருந்தது என்றார் கிரிக்ஸ்பி. 2022 ஜூனில், சோனிக்கைப் படைத்தோருள் ஒருவரான யூஜி நாகா, அவ்விளையாட்டுக்கு ஜாக்சன் இசையமைத்தார் என்று வெளிப்படையாகவே எழுதினார். ஜாக்சனோ 2009 ஜூன் 25ஆம் நாள் காலமாகிவிட்டார். தம் மௌனத்திற்கு விளக்கம் தர அவர் இன்று இல்லை.

இங்கே நாம் சற்று நிதானிக்க வேண்டும். ஐயம் வேறு, கருத்து வேறு, உறுதி வேறு என்று பிரித்துக் காட்டுவது அறநெறியியலின் பழைய பாடம். ஜாக்சன் இவ்விளையாட்டின் இசைப்பணியில் ஈடுபட்டார் என்பது, உடன் உழைத்தோர் பலரின் சான்றால் உறுதியை நெருங்குகிறது. எந்தக் கட்டத்தில் எந்தப் பண் அவருடையது என்பது பெரும்பாலும் கருத்து நிலையிலேயே உள்ளது. அவர் உள்ளத்தில் எந்த நோக்கம் இருந்தது என்பதோ நம் எட்டுக்கு அப்பாற்பட்டது. ரசிகர்களின் வாதத்தில் இம்மூன்றும் அடிக்கடி ஒன்றாய்க் கலந்துவிட்டன. முதலாவதைப் பற்றிய உறுதியை மூன்றாவதற்கும் நீட்டிக்கொண்டனர். “அவர் வெட்கப்பட்டார், ஆகவே பெயர் இல்லை” என்றனர் சிலர். “அவர் தாழ்ச்சியுள்ளவர், ஆகவே பெயர் இல்லை” என்றனர் வேறு சிலர். வெற்றிடம் ஒன்றே, அவரவர் மனத்தில் இருப்பதை அதில் எழுதிக்கொண்டனர். ஒருவரது மௌனத்தை அவருக்கு எதிரான சாட்சியாக்குவது அநீதி. அதனையே அவருக்குப் புகழ்மாலையாக்குவதும் உண்மையாகாது.

செவி கேட்டதா, பெயர் கேட்டதா?

இன்னொரு நிகழ்ச்சி நம்மை எச்சரிக்கிறது. பனிச்சரிவுக் கட்டத்தின் இசை பலருக்கும் மிக விருப்பமானது. அதிலும் ஜாக்சனின் முத்திரையைக் கேட்டதாகச் சொன்னவர்கள் உண்டு. ஆனால் அந்த மெட்டு, பக்ஸர் முன்னர் இடம்பெற்றிருந்த ‘ஜெட்ஸன்ஸ்’ என்னும் குழுவின் ‘ஹார்ட் டைம்ஸ்’ பாடலிலிருந்து வந்தது. 1980களின் தொடக்கத்தில் பதிவாகி, நெடுங்காலம் வெளிவராமல் கிடந்து, 2008இல்தான் அப்பாடல் உலகிற்குக் கிடைத்தது. கேட்டவர்களின் செவியில் குறை ஒன்றுமில்லை. பெயரை முதலில் மனத்தில் வைத்துக்கொண்டு, பிறகு இசையைக் கேட்டார்கள், தேடியது கிடைத்துவிட்டது. மனிதரைப் பற்றி நாம் தீர்ப்பிடும்போதும் நடப்பது பெரும்பாலும் இதுவே அன்றோ?

ஆயினும் ரசிகர்களின் உழைப்பை நாம் இகழ்ந்துவிடலாகாது. பண்களை ஒன்றோடொன்று வைத்துக் கேட்டு, பழைய பேட்டிகளைத் தேடி, மறந்துபோன குழுவின் பாடலோடு மெட்டைப் பொருத்திக் காட்டியவர்கள் அவர்களே. தங்கள் சொந்த எதிர்பார்ப்பு பொய்த்தபோதும் உண்மையை வெளியே வைத்தார்கள். உண்மையின்மேல் கொண்ட பற்று சிறிய பொருளில் வெளிப்பட்டாலும் பற்றுதான்.

கண்முன் இருந்த பெயர்கள்

அவரவர்க்கு உரியதை அவரவர்க்கு அளிப்பதே நீதி என்பர் முன்னோர். இவ்வாதத்தில் உண்மையாகவே பணயமாக இருப்பது அதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது. ஜாக்சனுக்குரிய புகழ் அவருக்குச் சேரவேண்டும் என்று ஆயிரமாயிரம் பேர் வழக்காடினர். புகழில் அவருக்கு என்ன குறை? அப்பெயர் வேண்டாம் என்று அவரே விலகினார் என்றால், அங்கே தீர்க்கப்படாத கடன் ஒன்றுமில்லை. ஆனால், பெயர்வரிசையில் எழுதப்பட்டிருந்த அந்த அறுவர்? சேகாவின் இசைக்கலைஞர்கள்? அவர்களுடைய பெயர்கள் மறைவாக இல்லை. விளையாட்டை முடித்த ஒவ்வொருவர் கண்முன்னும் வந்தன. அவர்களைத் தேடிச் சென்றவர்களும், “நீங்கள் என்ன செய்தீர்கள்?” என்று கேட்டது குறைவு, “அவர் அங்கே இருந்தாரா?” என்று கேட்டதே மிகுதி. உழைத்தவர்கள் தங்கள் உழைப்புக்குச் சொந்தக்காரர்களாக அல்லாமல், மற்றொருவரின் சாட்சிகளாகவே அழைக்கப்பட்டனர்.

இதில் இன்னும் ஆழமான ஒரு முரண் உண்டு. ‘ஸ்ட்ரேஞ்சர் இன் மாஸ்கோ’ பாடலை இயற்றியவர் என்று தொகுப்பில் ஜாக்சனின் பெயர் மட்டுமே காணப்படுகிறது. ஆனால் அதன் இசையை உருவாக்கியதில் தமக்கும் பங்கு உண்டு என்பது பக்ஸரின் கூற்று. அவர் கூற்று மெய்யெனில், விளையாட்டில் பெயர் விடுபட்ட பெரியவருக்காக உலகம் முப்பது ஆண்டுகள் வாதாடியது. பெரியவரின் பாடலில் பெயர் விடுபட்ட துணைவருக்காக வாதாடியோர் மிகச் சிலரே. வெளிச்சத்தில் நிற்பவர் நிழலுக்குள் சென்றால் ஊரே விளக்கேந்தித் தேடுகிறது. நிழலிலேயே நிற்பவரை யாரும் தேடுவதில்லை.

ஆகவே, பெயரைத் துறத்தலையும் பெயர் மறுக்கப்படுதலையும் நாம் ஒன்றாகக் கருதலாகாது. புகழ் பெற்றவர் ஒரு பணியில் தம் பெயரை விடும்போது, விடுவதற்கு அவரிடம் ஏதோ இருக்கிறது. அவர் வாழ்வு அதனால் குறைவதில்லை. பெயரே அறியப்படாத ஒருவருக்கோ, பட்டியலில் வரும் அந்த ஒரு வரியே அடுத்த வேளைப் பணிக்கு வழியாகவும் ஆண்டுகளின் உழைப்புக்குச் சாட்சியாகவும் இருக்கிறது. முன்னதை விருப்பம் எனலாம். பின்னது கடன், அதனைத் தீர்க்க வேண்டியவர் பணி கொடுத்தவரும், அப்பணியை அனுபவிக்கும் நாமும்.

பெயர் வேண்டாம் என்பவருக்கும் ஒரு பொறுப்பு உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். நிறைவில்லாத பணியிலிருந்து தம் பெயரை எடுத்துக்கொள்வது கலைஞரின் நேர்மையாக இருக்கலாம். ஆனால் அதே பணியில் அவருக்கு நெருங்கியவர்களின் பெயர்கள் நிற்கின்றன. தமக்குத் தகாதது அவர்களுக்கு மட்டும் தகுமோ? பெயரைத் துறப்பவர், தம் அருகில் நிற்பவர்கள்மேல் அத்துறவு என்ன சுமையை ஏற்றுகிறது என்றும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இசைக்கும் இடையூறு நேர்ந்தது. 1997இல் கணிப்பொறிக்காக அவ்விளையாட்டு மீண்டும் வெளிவந்தபோதும், 2022 ஜூனில் ‘சோனிக் ஆரிஜின்ஸ்’ என்னும் தொகுப்பில் வந்தபோதும், பனிச்சரிவுக் கட்டம் உள்ளிட்ட மூன்று கட்டங்களின் இசை நீக்கப்பட்டு வேறு இசை சேர்க்கப்பட்டது. இளமையில் அதனைக் கேட்டு வளர்ந்தவர்கள் தம் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பியபோது, அவர்கள் நினைவில் இருந்த இசை அங்கே இல்லை.

நம் தமிழிலும் இயற்பெயர் தெரியாத புலவர்கள் உண்டு. செம்புலப்பெயல்நீரார் என்று நாம் அழைப்பவருக்கு அவர் பாடிய தொடரே பெயராகிவிட்டது. அவருக்கு வேறொரு புகழ்பெற்ற புலவரின் பெயரைச் சூட்டிவிட நம் முன்னோர் முயலவில்லை. தெரியாததைத் தெரியாததாகவே விட்டு, பாட்டைப் போற்றி, பாட்டிலிருந்தே ஒரு பெயரை மரியாதையோடு வழங்கினர். வெற்றிடத்தை மதிக்கும் பண்பு அது.

அப்பண்பு நமக்கும் வேண்டும். உறுதியானதை உறுதியென்றும், கருத்தைக் கருத்தென்றும் சொல்லி, பிறர் நெஞ்சின் நோக்கத்தைத் தீர்ப்பிடாது விடுவோம். அதற்கும் முன்பாக, எழுதப்பட்டுள்ள பெயர்களை வாசிப்போம். ஒரு திரைப்படம் முடிந்து பெயர்கள் மேலெழும்போது நாம் எழுந்து வாயிலை நோக்கி நடக்கிறோம். வீட்டில் பிள்ளை ஒரு விளையாட்டை முடித்ததும் அவ்வரிசையை அழுத்தித் தள்ளிவிடுகிறது. இன்னும் இரண்டு நிமிடம் அமர்ந்து அப்பெயர்களைப் படிக்கச் சொல்வோம்; நாமும் உடன் அமர்ந்து படிப்போம். நம்மை மகிழ்வித்தவர்களுக்கு நாம் பட்ட கடனில், எளிதாகத் தீர்க்கக்கூடிய பகுதி அது.